மறைந்திருந்த மணிகள்: துறவி மெண்டலும் நம் கொங்கு மண்ணின் சிறுதானியங்களும்



நம் கொங்கு நாட்டின் ஊர்ப்புறப் பங்குகளில் எண்பது வயதைத் தொட்ட பெரியவர்கள் சிலர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் சிறுவயதில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். கிறிஸ்மஸ், பாஸ்கா, ஊர்த் திருவிழா, கல்யாணம் ஆகிய நாட்களில்தான் அரிசிச் சோறு. மற்ற நாட்களில் கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நம் மேட்டுக்காடுகளில் வானம் பார்த்து விளைந்தவை அவைதான். கம்பு, சோளம், ராகியோடு தினை, சாமை, வரகு, பனிவரகு, குதிரைவாலி என்று குதிர் நிறைய இருந்த தானியங்கள் அவை.

பிறகு காலம் மாறியது. கிணறுகளுக்குப் பம்புசெட் வந்தது. பருத்தியும் மஞ்சளும் கரும்பும் பெருகின. 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தரும் திட்டம் சென்னையிலும் நம் கோவையிலும் தொடங்கியது. ஏழை வீட்டு அடுப்பில் அரிசி வெந்தது நல்ல காரியம்தான், அதில் நாம் குறை காண முடியாது. ஆனால் அரிசி மதிப்புள்ளவர்களின் உணவாகவும், கம்பும் சாமையும் இல்லாதவர்களின் உணவாகவும் நம் மனங்களில் பிரிந்துபோயின. சோளம் மாட்டுக்குத் தட்டாக மட்டும் விளைந்தது. சாமையும் வரகும் மலையூர்களுக்குள் ஒதுங்கிக்கொண்டன.

இன்று காற்று திரும்பி வீசுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானியங்களுக்கான பன்னாட்டு ஆண்டாகக் கடைப்பிடித்தது. பெரிய கடைகளில் தினையும் குதிரைவாலியும் அழகிய பைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இந்தத் தானியங்களுக்கென்றே ஒரு துறை இயங்கி, மழை குறைந்தாலும் விளையும் இரகங்களை உருவாக்கி வருகிறது. அந்த வயல்களில் ஒரு கதிரை இன்னொரு கதிரோடு சேர்த்துப் புதிய இரகம் காணும் விஞ்ஞானிகள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு கத்தோலிக்கக் குரு போட்டுக் கொடுத்த பாதையில்தான் நடக்கிறார்கள். அவர் பெயர் அருட்தந்தை கிரகோர் மெண்டல். கைவிடப்பட்ட தானியங்களைப் பற்றிச் சிந்திக்கும் இந்நாளில், தம் காலத்தில் கைவிடப்பட்ட அந்த மனிதரின் வாழ்வையும் நாம் சற்றே அறிந்துகொள்வோம்.

உழவர் வீட்டுப் பிள்ளை

1822-ஆம் ஆண்டு சூலை மாதம், அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த ஹைன்சென்டார்ஃப் என்ற சிற்றூரில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் அவர் பிறந்தார். அந்த ஊர் இன்று செக் குடியரசில் உள்ளது. தந்தை அந்தோன், தாய் ரோசினா. குழந்தைக்கு யோவான் என்று திருமுழுக்குப் பெயர் இட்டார்கள். தந்தைக்குச் சொந்த நிலம் கொஞ்சம் இருந்தாலும், வாரத்தில் மூன்று நாட்கள் நிலப்பிரபுவின் பண்ணையில் கூலியில்லாமல் உழைத்தாக வேண்டும். பண்ணையத்து வேலையின் பாரம் என்னவென்று அறிந்த நம் மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த ஊரின் பங்குத்தந்தை ஷ்ரைபர் என்பவர் வித்தியாசமான மனிதர். மறைக்கல்வியோடு, பழமரங்களை ஒட்டுக்கட்டும் வித்தையையும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்தார். நல்ல ஒட்டுக் குச்சிகளை வரவழைத்து ஊருக்குக் கொடுத்தார். சிறுவன் யோவானின் அறிவைக் கண்டு, இவனை மேற்படிப்புக்கு அனுப்புங்கள் என்று பெற்றோருக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். பெற்றோர் அனுப்பினார்கள். ஆனால் விடுதியில் முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட அவர்களால் முடியவில்லை. வளரும் பிள்ளை பாதி வயிற்றோடு படித்தான்.

1838-இல் காட்டில் வேலை செய்தபோது மரம் ஒன்று தந்தையின் மார்பில் மோதி அவரை நொறுக்கிவிட்டது. அதன்பின் வீட்டிலிருந்து பண உதவியே இல்லை. மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து யோவான் தம் செலவைப் பார்த்துக்கொண்டார். பசியும் கவலையும் சேர்ந்து நோயில் தள்ளின. மாதக்கணக்கில் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அப்போது அவருடைய தங்கை தெரேசா, தன் திருமணத்திற்கென ஒதுக்கப்பட்ட பங்கில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்குக் கொடுத்தாள். பிற்காலத்தில் அந்தத் தங்கையின் மூன்று மகன்களையும் படிக்க வைத்து அவர் அந்தக் கடனைத் தீர்த்தார். அவர்களுள் இருவர் மருத்துவர்கள் ஆனார்கள்.

படிப்பைத் தொடர ஒரே வழி துறவு மடம் என்பது அவருக்குத் தெரிந்தது. இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையோடு 1843 அக்டோபரில் ப்ரூன் நகரிலுள்ள புனித தோமையார் மடத்தில், அகுஸ்தினார் சபையில் சேர்ந்தார். கிரகோர் என்ற துறவுப் பெயர் அங்கே கிடைத்தது. 1847 ஆகஸ்டு 6 அன்று, ஆண்டவரின் உருமாற்ற விழா நாளில், குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வறுமை அவரை மடத்தின் வாசலுக்கு அழைத்து வந்தது உண்மை. வந்தபின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்த மடத்தின் பிள்ளையாகவே வாழ்ந்தார் என்பதும் உண்மை. இறைவன் மனிதரை அழைக்கும் வழிகள் பல.

இரண்டு நெசவு நகரங்கள்

ப்ரூன் நகரம் இன்று ப்ர்னோ என்று அழைக்கப்படுகிறது. நம் கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்வதுபோல, அந்த நகரத்தையும் அந்நாட்டின் மான்செஸ்டர் என்றே சொன்னார்கள். நமக்குப் பருத்தி, அவர்களுக்குக் கம்பளி. ஆலைகளுக்கு நல்ல கம்பளி வேண்டும், அதற்கு நல்ல ஆடு வேண்டும். தாய் தந்தையின் எந்தக் குணம் குட்டிக்கு வருகிறது, எப்படி வருகிறது என்பது அந்த ஊரின் வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த கேள்வியாக இருந்தது. மடத்தின் தலைவர் சிரில் நாப் இந்தக் கேள்வியில் மிகுந்த ஆர்வம் கொண்டவர். ஆடு வளர்ப்போரின் கூட்டங்களில் கலந்துகொண்டு, பரம்பரையாக வருவது எது என்று முதலில் கண்டறிய வேண்டும் என வற்புறுத்தியவர்.

இளம் குருவான மெண்டலுக்குப் பங்குப் பணி தரப்பட்டது. ஆனால் நோயாளிகளின் படுக்கையருகே நிற்க அவரால் முடியவில்லை. அவர்களின் வேதனையைக் கண்டு அவரே நோயில் விழுந்தார். தலைவர் நாப் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இவர் நல்ல துறவி, ஆனால் இந்தப் பணிக்கு ஏற்றவர் அல்லர் என்று ஆயருக்கு எழுதி, அவரைப் பள்ளி ஆசிரியராக அனுப்பினார். 1850-இல் நிரந்தர ஆசிரியருக்கான தேர்வை எழுதி மெண்டல் தோற்றார். தேர்வாளர் ஒருவரின் ஆலோசனைப்படி தலைவர் அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். 1851 முதல் 1853 வரை அங்கே இயற்பியலும் தாவரவியலும் கற்றார். எண்ணிக் கணக்கிட்டு உண்மையைக் காணும் பழக்கம் அவருக்கு அங்கேதான் ஊறியது. 1856-இல் மீண்டும் தேர்வுக்குச் சென்றார். அதிலும் நோயுற்றுத் திரும்பினார். கடைசிவரை அவர் தற்காலிக ஆசிரியர்தான்.

தோல்வியுற்றுத் திரும்பிய அதே 1856-ஆம் ஆண்டில்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆய்வைத் தொடங்கினார். 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள சிறு துண்டு நிலம். நம் ஊரில் ஒரு வீட்டுமனைக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

எண்ணிப் பார்த்தவர்

விதை வியாபாரிகளிடமிருந்து 34 பட்டாணி இரகங்களை அவர் வாங்கினார். இரண்டு ஆண்டுகள் விதைத்துப் பார்த்து, கலப்பில்லாமல் தன் குணத்திலேயே மாறாமல் வருகிற 22 இரகங்களைத் தேர்ந்தெடுத்தார். உருண்டை விதையா சுருங்கிய விதையா, மஞ்சளா பச்சையா, உயரச் செடியா குட்டைச் செடியா என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லக்கூடிய ஏழு பண்புகளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

மொட்டு விரியும் முன்பே அதைத் திறந்து, மகரந்தப்பைகளைச் சிறு இடுக்கியால் நீக்குவார். பிறகு வேறோர் இரகத்தின் மகரந்தத்தைத் தடவி, வேறு மகரந்தம் படாதபடி சிறு பை கட்டுவார். திருப்பலி, செபம், பள்ளி வேலை ஆகியவற்றுக்கு இடையில் எட்டு ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. ஆயிரக்கணக்கான செடிகளை அவர் கையாலேயே வளர்த்தார்.

உருண்டை விதை இரகத்தையும் சுருங்கிய விதை இரகத்தையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. சுருக்கம் தொலைந்தே போனதாகத் தோன்றியது. மற்றவர்கள் அத்தோடு நிறுத்தியிருப்பார்கள். மெண்டல் அந்த உருண்டை விதைகளை மறுபடியும் விதைத்தார். அடுத்த தலைமுறையில் 7,324 விதைகள் கிடைத்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். 5,474 உருண்டை. 1,850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஏழு பண்புகளிலும் இதே கணக்குதான் வந்தது.

இதிலிருந்து அவர் கண்ட உண்மையை எளிதாகச் சொல்லலாம். ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு கூறுகள் வருகின்றன. ஒன்று ஓங்கி நிற்கும், மற்றொன்று ஒடுங்கியிருக்கும். ஒடுங்கியது அழிந்துபோவதில்லை, கரைந்து கலந்து விடுவதும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் முழுமையாக உள்ளே காத்திருந்து, தக்க துணை சேரும்போது மீண்டும் வெளிப்படுகிறது. இன்று மரபணு என்று நாம் சொல்வதன் தொடக்கம் இதுதான்.

1865 பிப்ரவரி 8-இலும் மார்ச் 8-இலும் ப்ரூன் இயற்கை அறிவியல் கழகத்தின் கூட்டங்களில் தம் முடிவுகளை வாசித்தார். 1866-இல் கட்டுரை அச்சானது. 40 தனிப் பிரதிகள் பெற்று அறிஞர்கள் சிலருக்கு அனுப்பினார். எந்தச் சலனமும் இல்லை. பட்டாணிச் செடியில் கணக்குப் பாடம் எதற்கு என்று எண்ணினார்களோ என்னவோ. மியூனிக் நகரின் பெயர்பெற்ற தாவரவியலாளர் நேகெலி மட்டும் பதில் எழுதினார். அவரும் பட்டாணி முடிவுகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், தாம் ஆராய்ந்துவந்த ஹைரேசியம் என்ற காட்டுப் பூச்செடியின் பக்கம் மெண்டலைத் திருப்பினார். அந்தச் செடி பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை பிடிக்கும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. கண்கள் வலிக்க வலிக்க அவர் செய்த அந்த ஆய்வு அவருடைய விதிக்கு ஒத்துவரவில்லை. தம் கண்டுபிடிப்பு எல்லாப் பயிருக்கும் பொருந்துமா என்ற ஐயத்தோடே அவர் வாழ வேண்டியதாயிற்று.

1868-இல் மடத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிர்வாகச் சுமை ஆய்வை விழுங்கியது. 1874-இல் துறவு மடங்களின் சொத்துக்களுக்கு அரசு புதிய வரி விதித்தபோது அது நியாயமல்ல என்று எதிர்த்து நின்றார். மற்ற மடங்கள் ஒவ்வொன்றாகப் பணிந்தபோதும் அவர் பணியவில்லை. அந்தப் போராட்டம் அவரைத் தனிமைப்படுத்தியது, மனக்கசப்பையும் தந்தது. அவரைக் குறையே இல்லாத மனிதராகக் காட்ட நாம் விரும்பவில்லை. திருச்சபை பீடத்திற்கு உயர்த்திய புனிதரும் அல்லர் அவர். ஆயினும் அந்தக் கடைசி ஆண்டுகளிலும் தேனீ வளர்த்தார், வானிலையைக் குறித்தார், பழமரங்களைப் பேணினார். 1884 சனவரி 6, திருக்காட்சி விழா நாளில், சிறுநீரக நோயால் இறைவனடி சேர்ந்தார். ஏழைகள் பலர் அழுதார்கள். ஒரு பெரிய விஞ்ஞானியை அடக்கம் செய்கிறோம் என்று அங்கே யாரும் அறிந்திருக்கவில்லை. அவருடைய தாள்களில் பெரும்பகுதி பின்னர் எரிக்கப்பட்டது.

1900-ஆம் ஆண்டில் ஹாலந்தில் டி விரீஸ், ஜெர்மனியில் கோரன்ஸ், ஆஸ்திரியாவில் செர்மாக் ஆகிய மூவரும் தனித்தனியே இதே வகை ஆய்வுகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். பழைய நூல்களைத் தேடியபோது, 34 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துறவி இதைச் சொல்லிவிட்டார் என்பது உலகுக்குத் தெரிய வந்தது. அந்தக் கட்டுரை ஏதோ நூலகங்களின் அலமாரிகளில் தூசியோடு பத்திரமாக இருந்தது.

பட்டாணியிலிருந்து ராகிக்கு

மெண்டலின் விதி நம் ஊருக்கு வர நெடுநாள் ஆகவில்லை. சென்னை சைதாப்பேட்டையில் இருந்த வேளாண்மைக் கல்விக்கூடம் 1906-இல் கோவைக்கு வந்தது. 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையமும், 1923-இல் சிறுதானிய இனப்பெருக்க நிலையமும் இங்கே தொடங்கப்பட்டன. அந்தச் சிறுதானிய நிலையத்திற்குப் பொறுப்பேற்றவர் ஜி. என். ரங்கசாமி ஐயங்கார். மெண்டல் பட்டாணிக்குச் செய்ததை இவரும் இவருடைய உதவியாளர்களும் சோளத்திற்கும் ராகிக்கும் தினைக்கும் செய்தார்கள். எந்த மணி வெள்ளை, எந்த மணி சிவப்பு, எந்தக் கதிர் மூடியது, எந்தக் கதிர் விரிந்தது, இவற்றில் எது ஓங்குகிறது, எது ஒடுங்குகிறது என்று வரிசை வரிசையாக எண்ணி, 1930-களில் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். மகரந்தம் இல்லாத வெறும் மகரந்தப்பை கொண்ட சோளக் கதிர்கள்கூட அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. ஏழைகளின் தானியம் என்று உலகம் ஒதுக்கியதை அவர்கள் ஆய்வுக்குரிய பொருளாக மதித்தார்கள்.

இந்த வேலை எவ்வளவு கடினம் என்பதற்கு ராகியே சாட்சி. ராகிப் பூ மிக மிகச் சிறியது. பொழுது விடியும் முன்பே திறந்து, தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிடும். பட்டாணி மொட்டைப் பிரித்ததுபோல இதைப் பிரிப்பது பெரும்பாடு. எனவே இரண்டு இரகங்களின் கதிர்களைப் பூக்கும் வேளையில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஏதோ சில பூக்களில் கலப்பு நடக்கும். ஆயிரம் விதைகளில் கலந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் மெண்டல் கைகொடுக்கிறார். ராகியில் ஊதா நிறம் ஓங்கும், பச்சை நிறம் ஒடுங்கும். பச்சைச் செடியைத் தாயாகவும் ஊதாச் செடியைத் தந்தையாகவும் வைத்து, தாயின் விதைகளை மட்டும் விதைக்க வேண்டும். முளைத்து வரும் நாற்றுகளில் ஊதா நிறம் காட்டுவதே கலப்பு நாற்று. மடத்துத் தோட்டத்தில் கண்ட விதி, நம் களிக்கு மாவு தரும் பயிரில் அப்படியே வேலை செய்கிறது.

நமக்கு அடுத்த கர்நாடகத்தின் மாண்டியாவில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி இந்தப் பாதையில் நீண்ட தூரம் சென்றார். ஆப்பிரிக்காவின் ராகி இரகங்களை நம் நாட்டு ராகியோடு கலந்து, இந்தியா, ஆப்பிரிக்கா ஆகிய இரு பெயர்களையும் இணைத்து இந்தாஃப் என்ற இரகங்களை 1970-களில் தந்தார். விளைச்சல் உயர்ந்தது. ராகி முதலில் தோன்றியது ஆப்பிரிக்காவில். பல நூற்றாண்டுகளுக்கு முன் பிரிந்த உறவுகள் ஒரு வயலில் மீண்டும் சந்தித்தன என்றே சொல்லலாம்.

ஒரே தாயை நம்பினால்

ஆனால் இதே அறிவியல் ஓர் எச்சரிக்கையையும் நமக்குத் தந்திருக்கிறது. 1965-இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு வெளியானது. விளைச்சலைக் கண்டு நாடே வியந்தது. அதன் தாய் வழி அமெரிக்காவிலிருந்து வந்த ஒரே ஒரு இரகம். அடுத்து வந்த ஒட்டுகளுக்கும் அதுவே தாய். வயல்களெல்லாம் ஒரே தாயின் பிள்ளைகளால் நிறைந்தன. 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் பரவியபோது, அந்தத் தாய்க்கு எதிர்ப்புச் சக்தி இல்லாததால் பிள்ளைகள் எல்லாமே சாய்ந்தன. கதிரில் மணிக்குப் பதிலாக இலைகள் முளைத்து நின்றன. நோயைத் தாங்கும் குணத்தைத் தேடி விஞ்ஞானிகள் மீண்டும் பழைய இரகங்களிடமும் ஆப்பிரிக்கக் கம்பு வகைகளிடமும்தான் போக வேண்டியிருந்தது.

விதைகளைப் பாதுகாக்கும் வங்கிகளின் தேவை இதனால் நன்கு விளங்கியது. ஹைதராபாத் அருகே 1972-இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தின் குளிர் அறைகளில் இன்று சோளம், கம்பு, ராகி, சிறுதானியங்கள், பயறுகள் என 1 இலட்சத்திற்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் உள்ளன. அவற்றில் பல, பார்வைக்கு உதவாதவை. விளைச்சல் குறைவு, மணி சிறிது, தாள் குட்டை. ஆனால் மெண்டலின் பாடம் நமக்குத் தெரியும். வெளியே தெரிவது மட்டுமே ஒரு விதையின் முழு உண்மை அன்று. அடுத்த வறட்சிக்கும் அடுத்த நோய்க்கும் விடை அந்தக் குட்டைச் செடியில் ஒடுங்கியிருக்கலாம்.

குளிர் அறை மட்டும் போதுமா? போதாது என்கிறது நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. அங்குள்ள மலைவாழ் மக்கள் கட்டவெட்டிச் சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை என்று சாமையில் மட்டுமே பல வகைகளைக் காத்து வந்தவர்கள். சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கு மலையேறியபோது சாமைக் காடுகள் சுருங்கின. அங்கே பணியாற்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஓர் எளிய உண்மையைக் கண்டார்கள். சாமையைக் கைவிட விலை மட்டும் காரணமன்று. அதை உரலில் இட்டுக் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஊருக்குள் வந்த பிறகே, சாமையை மீண்டும் உலையில் போடுவது பல வீடுகளுக்கு எளிதாயிற்று. விதையைக் காக்க வேண்டுமென்றால், அதைக் குத்திச் சமைக்கும் தாயின் கைகளையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் சாமை, தினை, பனிவரகு ஆகியவற்றில் புதிய இரகங்களை வெளியிட்டிருக்கிறது. இவையெல்லாம் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் உழவர் வீட்டில், பானைக்குள் சாம்பல் கலந்து காப்பாற்றி வைத்த பழைய விதைகளின் பிள்ளைகள்தாம்.

நமக்கான சிந்தனை

அன்புக்குரியவர்களே, மெண்டலின் வாழ்வையும் நம் தானியங்களின் கதையையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு நம் மனத்தைத் தைக்கிறது. மெண்டலின் கட்டுரை முற்றிலும் அழிந்திருந்தாலும் அவர் கண்ட விதி உலகுக்குக் கிடைத்திருக்கும். 1900-இல் மூன்று பேர் அதைத் தனித்தனியே கண்டார்களே! இயற்கையின் விதியை இறைவன் படைப்பெங்கும் எழுதி வைத்திருக்கிறார். ஒருவர் தவறவிட்டால் இன்னொருவர் வாசிப்பார். ஆனால் ஒரு சாமை இரகம் அழிந்தால் அதை மறுபடியும் கண்டுபிடிக்க எந்த அறிஞராலும் முடியாது. ஆயிரம் ஆண்டுகளாக நம் முன்னோர், குறிப்பாக நம் பெண்கள், நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கி ஒதுக்கி உருவாக்கிய கொடை அது. குதிரின் அடியில் இருந்த கடைசிப் பிடி விதையை ஒரு பஞ்ச காலத்தில் ஆக்கித் தின்றுவிட்டாலோ, புதுவிதை வந்துவிட்டதென்று கோழிக்கு இறைத்துவிட்டாலோ, அத்துடன் அது முடிந்தது.

கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்து பலன் தருவதைப் பற்றி நம் ஆண்டவர் பேசினார். மெண்டல் அப்படி விழுந்த மணி. பலனைக் காணாமலே கண்ணை மூடினார். ஆனால் மணி மடிவதற்கு முதலில் மணி இருக்க வேண்டும். அதை யாராவது வைத்திருந்து விதைக்க வேண்டும். அந்த வைத்திருக்கும் பணிதான் இன்று நமக்குத் தரப்பட்டிருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட இறைவா உமக்கே புகழ் என்ற சுற்றுமடலில், உயிரினங்களின் பன்மையைக் காப்பது நம் விசுவாசத்தின் கடமை என்பதை நமக்கு உணர்த்தினார்.

பங்கு அளவில் நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. பொங்கல் திருப்பலியில் காணிக்கையாக வாழைப்பழமும் கரும்பும் கொண்டுவருவதோடு, அந்தந்த வீட்டில் இருக்கும் பழைய விதைகளையும் கொண்டுவந்து ஆசீர்வாதம் பெற்று, ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளலாம். இளையோர் இயக்கத்தினர் தாத்தா பாட்டிகளிடம் உட்கார்ந்து, அவர்கள் விதைத்த சோளம் எது, கம்பு எது, எந்தப் பட்டத்தில் விதைத்தார்கள், எப்படிப் பத்திரப்படுத்தினார்கள் என்று எழுதி வைக்கலாம். பள்ளித் தோட்டத்தில் ஒரு பாத்தி தினையும் ஒரு பாத்தி சாமையும் பிள்ளைகள் கையால் விளையட்டும். பழமரம் ஒட்டுக்கட்டச் சொல்லிக்கொடுத்த ஒரு பங்குத்தந்தையின் ஊரிலிருந்துதான் மெண்டல் வந்தார் என்பதை மறக்க வேண்டாம். வாங்கிச் சாப்பிடுவோர், மலிவு விலையைத் தேடுமுன், அதை விளைவித்த மேட்டுக்காட்டு உழவருக்குக் கட்டுப்படியாகிறதா என்றும் கேட்போம்.

இன்னொன்றும் உண்டு. நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் தேர்வில் தோற்றவர்கள், ஒரு பணிக்குப் பொருந்தாதவர்கள், பேசத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். சிரில் நாப் போன்ற ஒரு தலைவர், அவரைத் தள்ளிவிடாமல் ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்ததால்தான் உலகுக்கு மெண்டல் கிடைத்தார். முதல் தலைமுறையில் தெரியாத குணம் அடுத்த தலைமுறையில் வெளிப்படும் என்று பட்டாணிகள் நமக்குச் சொல்கின்றன. யாரையும், எதையும், உதவாது என்று முடிவுகட்டுமுன் சற்றுக் காத்திருப்போம்.

அடுத்த ஆடிப்பட்டத்தில் மேகம் திரளும்போது, யாராவது ஒருவர் வீட்டுக் கலயத்திலிருந்து ஒரு பிடி பழைய விதையை எடுத்து மண்ணில் தூவட்டும். விதைப்பவரையும் காப்பவரையும் உண்பவரையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.